பெயிண்ட் பூத்தும் பூஜை விளக்கும்

முகுந்தா,

ஒருவர் ஆசையாக ஏற்றிக்கொண்டு வரும் விளக்கை, அவர் மனம் கோணாமல், வாசலிலேயே எப்படி நிறுத்துவது? நேற்று மாலை போனில் நீ என்னிடம் கேட்டது இதைத்தான். பௌதிகத்தில் முதுகலை படித்தவள், இருபது வருஷமாகப் பெயிண்ட் ஷாப்பில் குப்பை கொட்டுகிறவள், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாள் என்று நினைத்துக் கேட்டிருப்பாய். எனக்குத் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். ஒரு நாள் யோசித்த பிறகும் தெரியவில்லை. ஆனால் யோசித்ததில் வேறு சில விஷயங்கள் மேலே மிதந்து வந்தன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

இன்று வியாழக்கிழமை, போசரியில் இருக்கிற எங்கள் பெயிண்ட் ஷாப்புக்கு வார விடுமுறை. அப்பா பேங்குக்குப் போய்விட்டார். நிக்டியில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உன் பழைய இன்ஜினியரிங் நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். இங்கிலீஷில் எழுதினால் பத்து நொடியில் மேய்ந்துவிடுவாய். தமிழ் என்றால் கோயம்புத்தூரில் பஸ் போர்டு படிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். வேகமாகப் படிக்க முடியாது என்பதே எனக்கு வசதி. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நீ பேசியதை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரிந்துகொள்ள. "அம்மா, நாளன்னைக்கு கண்டே நவமி. புது பெயிண்ட் பூத்தைத் திறக்கிற உத்காட்டனும் அன்னிக்கேதான். மாலக்கோட வொய்ஃப் வஹினி இருக்காங்கல்ல, அவங்க உள்ளே தியா வெச்சு ஆரத்தி எடுப்பாங்கன்னு மாலக் சொல்றாரு. நான் அவங்ககிட்ட என்ன போலறது?" என்றாய். "என்ன சொல்றதுன்னு கேளுடா. போலறதாம்" என்றேன். "ஹாங், அதுதான். என்ன சொல்றது? மாலக் பயங்கர குஷில இருக்காரு. நான் சேர்ந்து மூணு மாசம்தான் ஆச்சு. வேண்டாம்னா, மதராஸிக்கு நம்ம பூஜை பிடிக்கலைன்னு ஆயிடும்." பிறகு மாலக், உன் முதலாளி, சொன்னபடி ஷெட்டையே பளபளவென்று ஆக்கிவிட்டதாகவும், தூண், ஸ்டூல், ஹேங்கர் ஒன்று விடாமல் ஆளை விட்டு நீயே பெயிண்ட் அடிக்க வைத்ததாகவும், டிராக்டர் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார், அவர் கண் முன்னால் நல்ல நேரத்தில் முதல் மட்கார்டு பெயிண்ட் ஆகி வெளியே வர வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்னாய். "பரவால்லையே" என்றேன். அது பாராட்டுத்தான். என்னிடம் அதற்கு மேல் வராது என்று உனக்குத் தெரியும்.

பூஜையைப் பற்றி என் நிலை உனக்குப் புதிதில்லை. கடவுள் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாத இன்னொரு கேள்வி. ஆனால் தின்னர் ஆவி இருக்கிறது. அதில் எனக்கு ஐயம் இல்லை. மூடி திறந்த டின்னிலிருந்து இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து, ஒரு சின்ன நெருப்புக்காகக் காத்திருக்கும். சுடர் வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு பொறி போதும். இருந்தும் இந்த ஊர் ஆயுத பூஜையான கண்டே நவமி எனக்குப் பிடிக்கும். வருஷம் முழுக்க உதைபடுகிற கம்ப்ரஸருக்கு அன்று ஒரு நாள் சாமந்தி மாலை கிடைக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக வைக்கிறார்கள். ஒரு நாளாவது இயந்திரத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வைக்கிற எந்தப் பண்டிகைக்கும் நான் எதிரியில்லை. பேடாவும் நன்றாக இருக்கும். ஆகவே நீ பூஜையைத் தடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு விளக்கைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லப் போகிறாய். அவ்வளவுதான். இதை உனக்கு நீயே இரண்டு தடவை சொல்லிக்கொள்.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ நாலு வயசில் பிளாஸ்டிக் சறுக்குமரத்தோடு சண்டை போட்டாய். நம் காலனி பார்க்கில் புதிதாக மஞ்சள் நிறத்தில் ஒன்று வைத்திருந்தார்கள். நல்ல குளிர்கால வெயில், காற்றில் ஈரமே இல்லை. நீ மேலிருந்து சறுக்கி வந்தாய். தலைமுடி முழுக்கக் குத்திட்டு நின்றது. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தன. நீ எழுந்து இரும்புக் கம்பியைப் பிடித்தாய். சுளீர் என்று விரலில் அடித்தது. "அது என்னைக் கடிச்சிருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? உன் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, மின்னூட்டம் எப்படிச் சேர்கிறது, வழி கிடைத்தால் எப்படிப் பாய்கிறது என்று பாடம் நடத்தினேன். அப்பா போய்க் குல்ஃபி வாங்கிக் கொடுத்தார். நீ அழுகையை நிறுத்தினாய். நான் ரொம்ப நாள் என் விளக்கத்தால்தான் நிறுத்தினாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாடம் இன்றைக்கு உனக்கு உபயோகமாக இருக்கும் என்பதால் மறுபடி நடத்துகிறேன், இந்த முறை குல்ஃபி கிடையாது. உன் ஸ்ப்ரே கன் பெயிண்ட் துளிகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி அனுப்புகிறது. எதிரே தொங்குகிற மட்கார்டு பூமியோடு இணைந்திருந்தால் துளிகள் அதைத் தேடிப் போய், வளைந்து பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பெயிண்ட் வீணாகாது, பார்க்கவும் அழகு. எர்த் எங்கேயாவது அறுந்திருந்தால் அதே மட்கார்டு சறுக்குமரத்தில் இறங்கிய நாலு வயசுப் பையன் ஆகிவிடும். சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் வரும் முதல் இரும்பின் மேல் பொறியாகப் பாயும். பூத்துக்குள் இருக்கிற ஒவ்வொன்றுக்கும், தின்னர் டின், ஸ்டூல், உள்ளே நிற்கிற மனிதன் உட்பட, பூமிக்கு ஒரு வழி இருக்க வேண்டும். என் வேலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். ஹூக்கில் பழைய பெயிண்ட் படிந்தால் சுரண்டு. தரையில் அட்டை, பிளாஸ்டிக் விரிக்க விடாதே. கன்னைச் சுத்தம் பண்ணுவதற்கு முன் ஹை வோல்டேஜை அணை. முழு கன்னையும் தின்னரில் ஊறப் போடுகிறவனைக் கண்டால் கத்து. காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் ஓடினால்தான் கன் வேலை செய்யும் என்று வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு அதை ஒரு துண்டு ஒயரால் ஏமாற்றுகிற ஜுகாட் ஆசாமி எல்லா ஷாப்பிலும் ஒருவர் இருப்பார். அவரை முதல் வாரமே கண்டுபிடித்து டீ வாங்கிக் கொடுத்து நண்பனாக்கிக்கொள். உள்ளே நுழையும்போது போன், சாவி, லைட்டர் எல்லாம் வெளியே ஒரு தட்டில்.

நாளைக்கு நீ மறக்கக் கூடாத ஒன்று மெகர், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று காட்டுகிற அந்த மீட்டர். முதல் மட்கார்டைத் தொங்கவிட்டதும், மெகரின் ஒரு முனையை மட்கார்டிலும் மறு முனையை எர்த்திலும் வைத்து முள்ளைப் பார். முள் சரியென்று சொன்ன பிறகுதான் கன்னைத் தொட வேண்டும். மாலக் நிற்கட்டும், டிராக்டர் கம்பெனி ஆள் வாட்சைப் பார்க்கட்டும், நல்ல நேரம் தாண்டிப் போகட்டும். அரை நிமிஷ வேலை அது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அரை நிமிஷம் ரொம்ப நீளம். ஆனாலும் செய்.

இனி விளக்கு. நான் என்ன செய்வேன் என்று கேட்டால், காலையில் எல்லோருக்கும் முன்னால் ஷெட்டுக்குப் போவேன். தின்னர் டிரம்மை வெளி கோடவுனுக்கு நகர்த்தி, ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆவியை வெளியேற்றி, பிறகு மெயினை அணைத்து வைப்பேன். வஹினி வருவதற்கு முன்பே ஷெட் வாசலில் ஒரு மேஜையைப் போட்டு, நல்ல துணி விரித்து, தோரணம் கட்டி, விளக்குக்கு இடம் இங்கேதான் என்று அந்த மேஜையே சொல்லும்படி வைப்பேன். ஆபத்து என்ற வார்த்தையை வாயிலேயே எடுக்க மாட்டேன். ஆபத்து என்று சொன்னால் நம் ஊர் ஆண்களுக்கு உடனே தைரியம் வந்துவிடுகிறது. அப்படியும் வஹினி தட்டோடு பூத்தை நோக்கி நடந்தால்? அங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். உனக்கும் எனக்கும் ஒரே வியாதி. சரியான பதில் தெரியும், வாய் திறக்காது. மற்றவர்கள் சொல்வதைச் சந்தேகப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் செய்ததைச் சந்தேகப்பட, அதையும் நாலு பேர் முன்னால், எனக்கு ரொம்ப நாளாயிற்று. அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

தத்தா அங்கிளின் மீசை போன கதை. உனக்கு அப்போது எட்டு வயசு. தத்தா எங்கள் ஷாப்பின் முதல் ஸ்ப்ரேயர், இன்றைக்கும் அவர்தான். அந்தக் காலத்தில் அவருக்கு இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, அதற்குத் தேங்காயெண்ணெய் தனி. அந்த வருஷம் ஆட்களுக்குத் தீபாவளிப் பரிசாக வழக்கமான டிபன் டப்பா வேண்டாம், உருப்படியாக ஏதாவது கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். நானே பிம்ப்ரி மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கி எல்லோருக்கும் ஷூ வாங்கினேன். தடித்த ரப்பர் அடி, மெத்து மெத்தென்று உள்பக்கம். பத்து மணி நேரம் நிற்கிறவர்களுக்கு எவ்வளவு சுகம்! எல்லோரும் கும்பிட்டார்கள். எங்கள் மாலக் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பெயிண்ட் ஷாப்புக்கென்று மின்சாரத்தைக் கடத்துகிற அடிப்பாகத்தோடு தனி ஷூ இருக்கிறது, பழைய ஷூ அதுதான் என்பதை, பௌதிகம் படித்த நான், அந்தப் பாராட்டில் சுத்தமாக மறந்துவிட்டேன். பழையதைத் தத்தா மூலையில் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் தத்தா வந்து சொன்னார். அவர் பேசியது மராத்தியில், தமிழில் எழுதுகிறேன். "மேடம், புது பூட் போட்டதிலேர்ந்து எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்குது. நேத்து என் பொண்டாட்டிகூட இவ்வளவு அடிக்கலை." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "குளிர்காலம் வருது தத்தா, காற்று காய்ஞ்சு கெடக்கு, அதான்" என்றேன். காற்று காய்ந்துதான் இருந்தது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த வினாடி என் மனசின் ஒரு மூலையில் ஷூ வந்து நின்றது. நான் தேர்ந்தெடுத்த ஷூ, எல்லோரும் பாராட்டிய ஷூ. அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் தத்தா கன்னை வைத்துவிட்டு, நாசிலைத் துடைக்கத் தின்னர் டின்னை நோக்கிக் கை நீட்டினார். அதுவரை அவர் கையில் முழுக் கையுறை, நாசில் துடைக்கத்தான் கழற்றியிருந்தார். உடம்பில் ஏறியது கன் பிடி வழியாக இறங்க வழியில்லை. கால் வழியை என் பரிசு அடைத்துவிட்டது. விரலுக்கும் டின்னுக்கும் நடுவே ஒரு பொறி. டின் வாயிலிருந்து நெருப்பு ஒரு நாக்கு மாதிரி எழுந்து, அவர் இடதுபக்க மீசையைத் தொட்டுவிட்டு இறங்கியது. தத்தா பதறவே இல்லை. மூடியை எடுத்து டின்னை மூடினார். நெருப்பு அணைந்துவிட்டது. அதற்கப்புறம் நான் ஓடிப்போய் தீயணைப்பு சிலிண்டரைத் திறந்து, காய்ந்துகொண்டிருந்த நாற்பது மட்கார்டு மேலும் வெள்ளைப் பொடியை அடித்தேன். தத்தா அரை மீசையோடு நின்று, "மேடம், நெருப்பு இந்தப் பக்கம்" என்று டின்னைக் காட்டினார்.

அடுத்த நாள் அவர் மீசையை முழுதாக வழித்துவிட்டு, தன் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததற்கு லட்டு கொடுக்க நம் வீட்டுக்கு வந்தார். நீ கதவைத் திறந்து, "அம்மா, யாரோ ஒரு புது அங்கிள்" என்றாய். நாம் மூன்று பேரும் அரை மணி நேரம் சிரித்தோம். உனக்குத் தெரிந்த கதை இது வரைக்கும்தான். தெரியாதது: அவர் வந்தபோது என் கைப்பையில் நான் எழுதிய விபத்து அறிக்கை இருந்தது. காரணம் என்ற இடத்தில் "வறண்ட வானிலை, ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தேன். ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆளின் லட்டை வாயில் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வைத்திருந்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது நீ ஸ்பூனைக் கீழே போட்டதற்கு உன்னைக் கண்டபடி திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? கோபம் உன் மேல் இல்லை. மறுநாள் காலையில் எங்கள் மாலக்கிடம் போய், அறிக்கையைக் கிழித்து, "ஷூ வாங்கினது நான். தப்பு என்னுது" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர், "சரி, அந்தப் பழைய ஷூ எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா ஒரு பகலும் ஓர் இரவும் மறைத்துக்கொண்டு திரிந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. தத்தா அந்த ரப்பர் ஷூவை இன்னும் கணபதி ஊர்வலத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறார். "பூட் நல்ல பூட் மேடம், இடம்தான் தப்பு" என்று என்னைக் கேலி செய்வார்.

இதை ஏன் சொல்கிறேன்? விளக்கை நிறுத்துகிற வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் வாயைத் திறக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். நாளைக்கு உன் மாலக் முகம் சுளிக்கலாம், உன்னை மதராஸி என்று சொல்லலாம், வேலையேகூடப் போகலாம். போனால் நிக்டிக்கு வந்துவிடு. உன் அறை அப்படியேதான் இருக்கிறது, அப்பாவின் பழைய பேப்பர் கட்டுகளை மட்டும் நகர்த்த வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொள். பேடா கொடுத்தால் இரண்டு எடுத்துக்கொள்.

அம்மா

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசித் தாளின் பின்பக்கம்:

நீ இப்போது போனில் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நீ ஆறரை மணிக்கே ஷெட்டுக்குப் போய் டிரம்மை நகர்த்தி, மேஜை போட்டிருக்கிறாய். ஒன்பதரைக்கு வஹினி தட்டோடு வந்திருக்கிறார். மாலக், "உள்ளே வா, உள்ளே வா" என்று கூப்பிட்டிருக்கிறார். நீ வாயைத் திறப்பதற்குள் வஹினி நின்று, "உள்ளேயா? அத்தனை பெயிண்ட் இருக்கிற இடத்துலயா? கேஸ் சிலிண்டர் பக்கத்துல தீக்குச்சி கிழிப்பீங்களா நீங்க?" என்று கணவரைக் கேட்டுவிட்டு, உன் மேஜையிலேயே விளக்கை வைத்துவிட்டார். நான் பக்கம் பக்கமாக எழுதிய விளக்கு அத்தோடு முடிந்தது.

பிறகு நீ முதல் மட்கார்டைத் தொங்கவிட்டு, எல்லோர் முன்னாலும் மெகரை வைத்திருக்கிறாய். முள் சரியில்லை. இன்னொரு ஹூக், அதுவும் இல்லை. ஹேங்கர், ஹூக் எல்லாவற்றுக்கும் பூஜைக்காகப் பெயிண்ட் அடித்திருந்தீர்கள். அந்தப் பெயிண்ட்தான் எர்த்தை அடைத்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை நீ போனில் சொன்னபோது "பரவால்லையே" என்று சொன்னவள் நான். விளக்கையே நினைத்துக்கொண்டிருந்ததில் எனக்கும் உறைக்கவில்லை. நல்ல நேரம் முடியப் பன்னிரண்டு நிமிஷம். டிராக்டர் கம்பெனி ஆள், "என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார். "ஹூக்குக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான் சார். என் தப்பு. சுரண்டாம ஆரம்பிக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாய். மாலக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு அரத்தை எடுத்தாராம். எல்லோரும் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறீர்கள், வஹினி பேடா கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். முதல் மட்கார்டு பகல் ஒன்றேகாலுக்கு வெளியே வந்தது. பின்பக்கமும் பெயிண்ட் ஒரே சீராகப் பிடித்திருந்தது என்றாய்.

எல்லாம் சொல்லிவிட்டு, "சாரிம்மா, உங்க லெட்டர் பாதிதான் படிச்சேன். எழுத்து ரொம்பக் கஷ்டம். மீதியை ஞாயித்துக்கிழமை நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றாய்.

"எதுவரைக்கும்டா படிச்சே?" என்று கேட்டேன்.

"வாசல்ல மேஜை போடற வரைக்கும்."

தத்தா விபத்து அறிக்கையும், "தப்பு என்னுது" என்று நான் சொன்னதும் அதற்கப்புறம்தான் வருகின்றன.